அழித்த ஜன்னல்

என் மனைவிக்குக் கத்தரி என்று பெயர் வைத்தவன் நான்தான். கல்யாணமான புதிதில் எங்கள் ஸ்டுடியோவில் படங்களை நிஜக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள், அதனால் வந்த பெயர். பிறகு கணினி வந்தது, கத்தரிக்கோல் அலமாரிக்குப் போனது, பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது. "கத்தரியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவார்கள். கல்லாவுக்குப் பின்னால் முழுசாக ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படாது.

படம் எடுப்பது நான். எடுத்த படத்தில் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதைத் தூக்கி எறிவது அவள். பாஸ்போர்ட்டுக்கு என்றால் பின்னால் வெள்ளை. வேறு ஆசை இருந்தால் அருவி, பனிமலை, விமான நிலையம், எது வேண்டுமானாலும். வியர்த்து வழிகிற ஒரு மனிதரைப் பனிமலையில் நிற்கவைத்து, வியர்வையையும் துடைத்துவிட்டு அனுப்பியிருக்கிறாள். ஒரு முடி கயிறு கனத்துக்குத் தெரியும்வரை படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகப் போவாள். "மூஞ்சியப் பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க" என்பது அவள் எனக்குச் சொல்லும் பாடம். அதனால் அவளுக்கு யாருடைய முகமும் நினைவில் நிற்காது. காது, கழுத்து, தோள், இவைதான் மறக்காது. கூட்டத்தில் என்னையே காதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

இப்போது எங்கள் எதிர் வீட்டில் குடியிருப்பவனையும் தோளை வைத்துத்தான் முதலில் கண்டுபிடித்தாள். சிரிக்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி.

அதற்கு முன்னால் ஓசி விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை அவள் தொடமாட்டாள். இணையத்தில் ஓசியில் கிடைக்கும் ஒன்றை, யாரோ புண்ணியவான்கள் உட்கார்ந்து எழுதி ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த ஒன்றைத்தான் வைத்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது. வேலை முடிந்து படத்தைச் சேமிக்கும்போது அதில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். உள்ளே வரிசையாகக் கட்டங்கள். அதைச் சேர்க்கவா, இதைச் சேர்க்கவா என்று கேட்கும். எல்லாவற்றிலும் டிக் போடுவாள். "ஓசியில குடுக்குறான், எதுக்கு விடணும்?"

அந்தக் கட்டங்களில் ஒன்று படத்துக்குள் ஒரு குறிப்பு எழுதிவைப்பதற்கு. பார்த்தால் தெரியாது, விவரங்களைத் திறந்து பார்த்தால் தெரியும். அதில் எங்கள் கடைப் பெயரையும் போன் நம்பரையும் நிரந்தரமாகப் போட்டுவைத்திருந்தாள். செலவில்லாத விளம்பரமாம். மற்ற கட்டங்கள் எதற்கு என்று எங்கள் மகள் ஒருமுறை கேட்டாள். "எதுக்கா இருந்தா என்ன, கேக்குதுல்ல, குடுத்துட்டுப் போறேன்" என்றாள் இவள்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பெண் வந்தாள். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பிறகுதான் உள்ளே வந்தாள். இணையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட ஒரு படம் வேண்டும். நான் எடுத்துப் பார்த்தேன். சிரிக்கச் சொன்னால் உதடு சிரிக்கிறது, கண் கதவுக்கு ஓடுகிறது. எத்தனை தடவை எடுத்தாலும் திருடியைப் பிடித்துவைத்த மாதிரியே விழுந்தது. கடைசியில் அவளே தன் போனை நீட்டினாள். தன் அறையில் ஜன்னலோரமாக நின்று எடுத்துக்கொண்ட படம்.

"இதுலதான் அக்கா நான் நானா இருக்கேன். ஆனா பின்னாடி ஒண்ணுமே இருக்கக் கூடாது. எங்க எடுத்ததுன்னு கடவுளுக்கே தெரியக் கூடாது."

பின்னால் எந்த நிறம் வேண்டும் என்றேன். நிறமே வேண்டாமாம். ஆளை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும், நிறுவனம் தன் இணையப் பக்கத்தின் நிறத்தின் மேல் அதை அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம்.

கத்தரி வேலையை ஆரம்பித்தாள். காது, கழுத்து, தோள் என்று இறங்கி இடது முழங்கைக்கு வந்தவள் நின்றாள்.

"இந்தக் கை ஒடிஞ்சு சேந்ததா?"

"ரெண்டு தடவ. என் வீட்டுக்காரன் ஒடச்சது." பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப தேடிக்கிட்டிருக்கான் அக்கா. கெடச்சா கையோட விடமாட்டான்."

கத்தரி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேறு எந்தப் படத்துக்கும் அவள் அத்தனை நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் போனது, ஜன்னலுக்கு வெளியே இருந்ததும் போனது. ஒன்றுமில்லாத இடத்தில் அந்தப் பெண் மட்டும் நின்றாள். "போதுமா?" என்று கத்தரி கேட்டதும், ஜன்னல் இருந்த இடத்தைத் திரையில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள் பெண். அப்போதுதான் நிஜமாகச் சிரித்தாள். பெட்டி திறந்தது. வழக்கம்போல எல்லாக் கட்டத்திலும் டிக்.

மழை விட்டு வெயில் ஏறிய பிறகு ஒரு பகலில் அவன் வந்தான். அடித்துத் துவைக்கிற ஆள் எப்படி இருப்பான் என்று நான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன், அதில் ஒன்றுகூட இவனிடம் இல்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிற மரியாதை. நானே எழுந்து நாற்காலி போட்டேன். போனில் ஒரு படத்தைக் காட்டினான். எங்கள் டீச்சர் பெண்.

"என் வீட்டுக்காரிங்க. மனசு சரியில்லாம வீட்ட விட்டுப் போயிட்டா. இந்தப் படம் ஒரு டியூஷன் பக்கத்துல இருந்துச்சு. அவங்களக் கேட்டா விலாசம் குடுக்க மாட்டேங்குறாங்க. போன் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் பாத்துட்டு, படத்துக்குள்ள உங்க கடைப் பேரும் நம்பரும் எழுதியிருக்குன்னார்."

கத்தரி தலை நிமிராமல் சொன்னாள். "எத்தனையோ பேர் வர்றாங்க. யார் எங்க இருக்காங்கன்னு நாங்க கேக்கறதில்ல. மூலப் படத்தையும் அன்னைக்கே அழிச்சிடுவோம்."

"அது பரவால்லம்மா. இதுலயே அழிச்சதெல்லாம் உள்ள ஒளிஞ்சிருக்க வாய்ப்பிருக்காம். உங்களால எடுக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, பெரிய கம்ப்யூட்டர் ஆள் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்டப் போறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, நீங்களே பாருங்க" என்று அவனிடமிருந்து படத்தை வாங்கித் திறந்தாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த மென்பொருளில் ஒரு அழிப்பான் உண்டு. ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே அழிப்பானால் தேய்த்தால், அழித்தது மிச்சம் இருந்தால் திரும்பி வரும். விசையை அழுத்தி மூலையில் ஒரு தேய்ப்பு தேய்த்தாள்.

ஜன்னல் கம்பி ஒன்று வந்தது.

அவள் டிக் போட்ட கட்டங்களில் ஒன்று, அழித்த இடத்தின் நிறங்களையும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பத்திரமாக வைத்திரு என்பதற்கானது. வருடக்கணக்காக அதில் டிக் போட்டிருக்கிறாள். அது எதற்கென்று அந்த நிமிஷத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

"என்னமோ தெரிஞ்சுதே" என்றான் அவன், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து.

"அழுக்கு. அழிக்கும்போது விழற கறை." திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். "முழுசா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நேரமாகும். வெளிய போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க."

"இங்கயே உக்காந்திருக்கேம்மா. எனக்கு வேற என்ன வேலை?"

உட்கார்ந்தான். கால்மேல் கால்கூடப் போடவில்லை. நான் எழுந்து கத்தரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் தேய்க்கத் தேய்க்க ஜன்னல் முழுசாக வந்தது. வெளியே நீலத் தண்ணீர்த் தொட்டி, அதற்குக் கீழே பேக்கரியின் பெயர்ப்பலகை, பெயர் எழுத்து மாறாமல். எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அதைக் கையில் கொடுத்தால் அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் கதவைத் தட்டிவிடுவான்.

பேசினால் அவன் காதில் விழும். கத்தரி படத்தின் மேலேயே எழுத்துகளைத் தட்டினாள். "இது அவ ரூம். குடுக்க முடியாது."

நான் குனிந்து தட்டினேன். "ஒண்ணும் வரலன்னு சொல்லிடு."

"வேற ஆள்கிட்டப் போவான். அங்க தேச்சா வந்துடும். ஏதாவது ஒண்ணு குடுத்தாத்தான் நிறுத்துவான்."

எழுத்துகளை அழித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். அந்த ஜன்னலை எடுத்துவிட்டு இன்னொரு ஜன்னலைத் தேடினாள். எங்களிடம் இருப்பதெல்லாம் அருவியும் பனிமலையும். பெண்ணின் கன்னத்தில் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழுகிறது, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சாதாரண ஜன்னல் வேண்டும். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கத்தரியின் கை ஒரு படத்தில் போய் நின்றது. புதுப் போன் வாங்கியபோது சோதித்துப் பார்க்க அவளே எடுத்தது. இடதுபக்க வெளிச்சம், ஜன்னல் கம்பி, வெளியே கட்டி முடிக்காத ஒரு வீடு, அதன் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த சுழல் படிக்கட்டு.

நான் விசைப்பலகையைப் பிடுங்கித் தட்டினேன். "இது நம்ம வீடு."

"ஜன்னல்தான. ஊர்ல இல்லாத ஜன்னலா."

முடியின் ஓரம், காதின் ஓரம், தோளில் விழும் நிழல், எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள். நானும் பார்த்தேன். ஓரத்தில் ஒரு குறை கிடையாது. அந்த மஞ்சள் படிக்கட்டு மாதிரி இன்னொன்று ஊரிலேயே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பின்னால் இருப்பதைப் பார்த்துப் பழகாத கண்கள்.

திரையைத் திருப்பிக் காட்டியதும் அவன் வெகுநேரம் பார்த்தான். படத்தையா, அவளையா என்று தெரியவில்லை.

"கைராசிக்காரங்கம்மா நீங்க. வெட்டின எடமே தெரியல."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் போகும்போது கத்தரி முதுகையே, ஒரு பக்கம் இறங்கிய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "அவன் இங்க வந்துட்டுப் போறான். இப்பவே கெளம்பு. எங்க போறேன்னு எங்கிட்டயும் சொல்லாத. அந்தப் படத்த மொதல்ல எடுத்துடு."

பெண் போய்விட்டாள். பேக்கரிக்கு எதிரே அந்த அறை காலியானதை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கு ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிக்கொண்டே சாப்பிட்டோம். கத்தரி மட்டும் கணினியில் அந்தக் கட்டங்களின் விளக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் மகள் காலையில் ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள். "அம்மா, எதிர்ல அந்த மஞ்சப் படிக்கட்டு வீட்டுக்கு யாரோ வர்றாங்கம்மா. கதவெல்லாம் வெச்சாச்சு."

கத்தரி எழுந்துபோய்ப் பார்த்தாள். ஒரு மனிதன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி படிக்கட்டில் ஒரு மேசையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வலது தோள் எறங்கியிருக்கு" என்றாள். ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் அவன் கடைக்கே வந்தான். அதே மடிப்புச் சட்டை, அதே மரியாதை. "நீங்க குடுத்த ஜன்னலக் கண்டுபிடிச்சிட்டேன் சார், அது உங்க வீடுதானாம். தபால் குடுக்கறவர்கிட்டப் படத்தக் காட்டினேன், படிக்கட்டப் பாத்ததும் சொல்லிட்டார். நல்ல தெரு. வீட்டுச் சொந்தக்காரர் பாவம், கட்டி முடிக்க வழியில்லாமத் தவிச்சிட்டிருந்தார், நானே பணம் குடுத்துக் குடிவந்துட்டேன்." பிறகு கத்தரியைப் பார்த்தான். "என் ஆள எங்க ஒளிச்சு வெச்சீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேம்மா."

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியும்போது சொல்லுங்க. எதிர்லதான இருக்கேன்."

அந்த வாரமே கடை நம்பருக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் ஜன்னல். அதில் எங்கள் மகள், ஒரு கையில் துண்டு, தலை ஒருபக்கம் சாய்ந்திருக்க, தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல். கீழே எழுதியிருந்தான். 'அம்மா, இதில் பின்னாடி இருக்கிறது அப்படியே இருக்கட்டும். ஆளை மட்டும் அழிச்சுக் குடுங்க.'

கத்தரி போனைக் கீழே வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கழுத்தைத் திருகியிருப்பேன், என் உடம்புக்கு அது நடக்கிற காரியமில்லை என்பது வேறு விஷயம். போலீஸுக்குப் போனோம். அங்கிருந்த பெரிய அதிகாரி படத்தைப் பார்த்தார், கீழே எழுதியதைப் படித்தார், எங்கள் விசிட்டிங் கார்டையும் படித்தார். "நீங்க செய்யறதே இந்த வேலைதானே சார்? வேலை குடுத்திருக்கார். பிடிக்கலைன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. இதுல நான் என்ன கேசு எழுதறது?" எதிர் வீட்டுக்காரரிடம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று எங்களுக்கே புத்தி சொல்லி அனுப்பினார்.

மகளை அனுப்பிவிட்டோம். படித்துக்கொண்டிருந்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு பையோடு, பின்கட்டு வழியாகப் போனாள். எங்கே என்று கத்தரிக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டதற்கு, "உங்களுக்கு வாயில ஒண்ணு நிக்காது" என்றாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது, ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகிற இடத்துக்கு எதிரிலும் ஒரு வீடு இருக்குமே என்கிறாள்.

போன இடத்தில் பிழைப்புக்கு மகள் அந்த டீச்சர் பெண் செய்த அதே வேலையில் சேர்ந்தாள். அதே நிறுவனம், யார் கேட்டாலும் விலாசம் கொடுக்காதவர்கள் என்ற நம்பிக்கையில். அவர்களுக்குப் படம் வேண்டும், வெட்டிய படம். மகள் தன் அறையில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் கத்தரி பின்னணியை அழித்துவிட்டாள். பெட்டி திறந்தபோது நான் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். கட்டங்களில் அவள் கை எங்கெங்கே போனது என்று பார்க்கவில்லை.

அவன் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், மனைவி திரும்பி வருவாள் என்று. கிடைத்தது எங்கள் மகள். போன வாரம் கடைக்கு வந்து போனை நீட்டினான். வெட்டிய படத்தில் எங்கள் பெண், கொஞ்சம் இளைத்து, முடியைக் கத்தரித்துக்கொண்டு.

"உங்க பொண்ணா சார் இது? கண்ணுலயே படலையேன்னு பாத்தேன். இதுல பின்னாடி என்ன இருந்துச்சுன்னு கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா. உங்களுக்குத்தான் கைராசி உண்டே."

இத்தனை வருடப் பழக்கம், யோசிக்காமலே கட்டத்துக்குக் கட்டம் தாவும் விரல், மகள் படத்தைச் சேமித்த அன்றைக்கு மட்டும் நின்றிருக்குமா? கத்தரி அவனிடமிருந்து படத்தை வாங்கித் திறந்தாள். இந்தத் தடவை திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. அவன் பக்கம் திருப்பினாள். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள்.

கறுப்பு வந்தது. இன்னும் தேய்த்தாள். கம்பி இல்லை, ஜன்னல் இல்லை, சுவர்கூட இல்லை. கறுப்பு மட்டும் பரவிப் பரவி எங்கள் மகளின் முகத்தைச் சுற்றி வந்து நின்றது. ஒரு மூலை விடாமல் தேய்த்து முடித்துவிட்டுக் கத்தரி கையை எடுத்தாள்.

"பாத்துக்குங்க" என்றாள்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "பரவால்லம்மா. சின்னப் பொண்ணு. இன்னொரு படம் எடுக்காமயா இருந்துடப் போகுது? எல்லாப் படத்துக்கும் நீங்களே பின்னாடி நின்னு அழிச்சிட்டிருக்க முடியுமா?" செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போனான்.

அன்றே கத்தரி மகளிடம் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டாள், இனி எங்கேயும் யாரோடும் எதற்காகவும் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். கடை வழக்கம்போல நடக்கிறது. வருகிறவர்களை வெள்ளைக்கு முன்னாலும் பனிமலைக்கு முன்னாலும் நிற்கவைத்துக் கொடுக்கிறோம். சிலர் உட்கார்ந்திருக்கும்போது பேச்சுவாக்கில் கேட்பார்கள், உங்க பொண்ணு வளந்திருப்பாளே, ஒரு படம் காட்டுங்க என்று. ஸ்டுடியோ வைத்திருக்கிறோம், காட்ட ஒரு படம் கிடையாது.